காற்றுக்கு முன் கட்டிய கயிறு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வசிப்பவர் பாய்க்கப்பலைப் பற்றி எழுதத் துணிவது, மெரினாக் கடற்கரையில் வசிப்பவர் வெல்லம் காய்ச்சுவதைப் பற்றி எழுதத் துணிவது போலத்தான் என்று நேயர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதில் தவறில்லை. எங்கள் ஊரிலிருந்து கிழக்குக் கடற்கரைக்குச் சுமார் 200 கிலோமீட்டர். நாம் நன்கு அறிந்த கலமெல்லாம் ஒகேனக்கல்லிலும் மேட்டூரிலும் காவிரி நீரில் சுற்றிச் சுற்றி வரும் பரிசல் ஒன்றுதான். அதற்குப் பாயும் இல்லை, பாய்மரமும் இல்லை.

ஆயினும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. காரணம், எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் கேட்ட கேள்வி.

2025-ஆம் வருஷம் மே மாதம் 29-ஆம் தேதி, நமது கடற்படையைச் சேர்ந்த இரண்டு பெண் அதிகாரிகள் ‘தாரிணி’ என்னும் பாய்ப்படகில் உலகத்தை வலம் வந்து கோவாவை அடைந்தார்கள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் நமது புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் இந்தச் செய்தியை வகுப்பில் விஸ்தாரமாகச் சொன்னோம். 2024 அக்டோபர் 2-ஆம் தேதி புறப்பட்டதையும், எட்டு மாத காலத்தில் சுமார் 25,400 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 47,000 கிலோமீட்டர் கடந்ததையும் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். ஆஸ்திரேலியாவில் பிரிமாண்டில், நியூஜீலந்தில் லிட்டில்டன், பாக்லந்துத் தீவுகளில் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் ஆகிய நான்கு துறைமுகங்களில் மட்டுமே அவர்கள் தங்கிச் சென்றதையும் படத்தில் காட்டினோம். போர்ட் ஸ்டான்லி என்றதும் ஒரு பையன், “மேட்டூர் டாமா சார்?” என்று கேட்டான். மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர் இருப்பதை அவன் அறிந்திருந்தது நமக்குச் சந்தோஷந்தான். அந்த ஸ்டான்லி வேறு, இந்த ஸ்டான்லி வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

“புயல் வந்தா பாயை என்ன சார் பண்ணுவாங்க? கழட்டிடுவாங்களா?”

“இல்லையம்மா. மடித்துச் சின்னதாகக் கட்டுவார்கள்” என்றோம்.

“அவங்க ரெண்டு பேர்தானே? அவ்வளவு பெரிய பாயை, அந்தக் காத்துல, எப்படி சார் மடிப்பாங்க?”

தாரிணியின் நீளம் 17 மீட்டர். அதன் பாய்மரம் சுமார் 25 மீட்டர் உயரம். அப்படகு 2025 பிப்ரவரி 15-ஆம் தேதி தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றியபோது, காற்று மணிக்குச் சுமார் 75 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. அலைகள் ஐந்து மீட்டருக்கு மேல் எழும்பின. அந்த நிலையில் இரண்டே பேர் எப்படி மடிப்பார்கள்? நமக்குத் தெரியவில்லை. “நாளைக்குச் சொல்கிறோம்” என்பது ஆசிரியர்களின் பிரம்மாஸ்திரம். அதைப் பிரயோகித்துவிட்டு வீடு திரும்பினோம். அந்த ‘நாளை’ வந்து சேர ஒன்றரை மாதம் ஆயிற்று.

பாயை ஏன் சுருக்க வேண்டும் என்பதை முதலில் பார்க்கலாம். காற்றின் வேகம் இரட்டித்தால், பாயின் மேல் அதன் அழுத்தமும் இரட்டிக்கும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் அது நான்கு மடங்காகிறது. வேகம் மும்மடங்கானால் அழுத்தம் ஒன்பது மடங்கு. காலையில் இதமாகப் படகைத் தள்ளிக்கொண்டு போன அதே பாய், மாலையில் அதைக் கவிழ்த்துவிடப் பார்க்கும். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் வேகமும் கூடுவதில்லை. சுக்கானின் பாதி நீருக்கு வெளியே வந்து, திசை திருப்பும் பலத்தை இழக்கிறது. பாயைக் குறைத்தால் இரண்டு நன்மைகள் உண்டு. காற்று பிடிக்கும் துணியின் பரப்பும் குறைகிறது. காற்று தள்ளும் இடமும் கீழே இறங்குகிறது. படகு நிமிர்கிறது. பல சமயங்களில் முன்னைவிட விரைவாகவே போகிறது.

நமது கட்டுமரத்தில் இது எளிய காரியம். அதன் முக்கோணப் பாய், பருமல் என்ற சாய்ந்த கழியிலிருந்து தொங்குவது. காற்று மிஞ்சினால் பருமலையே இறக்கிப் பாயைச் சுருட்டிவிடலாம். தாரிணி போன்ற படகில் ஏற்பாடு வேறு. பாய்மரத்தின் அடியிலிருந்து பின்பக்கமாக, படுக்கை வாட்டில் ஒரு நீண்ட குறுக்குமரம் நீட்டிக்கொண்டிருக்கும். மாலுமிகள் அதைப் ‘பூம்’ என்கிறார்கள். பெரும்பாயின் முன்விளிம்பு பாய்மரத்தை ஒட்டி ஏறும். அடிவிளிம்பு இந்தப் பூமின் மேல் நிற்கும். பின்விளிம்பு காற்றில் திறந்திருக்கும்.

அந்தப் பாயில், அடியிலிருந்து சற்று உயரத்தில், முன்விளிம்பில் ஓர் உலோக வளையமும் பின்விளிம்பில் ஓர் உலோக வளையமும் தைத்திருப்பார்கள். இது முதல் மடிப்பு. அதற்கு மேலே இன்னொரு ஜோடி, இரண்டாம் மடிப்பு. பெருங்கடலுக்குப் போகும் படகுகளில் மூன்றாவது ஜோடியும் இருக்கும். இந்த வளையங்களைப் பூமுக்கு இழுத்துக் கொண்டுவந்து கட்டிவிட்டால் இடைப்பட்ட துணி மடிந்துபோகிறது. பாய் அந்த அளவுக்குச் சிறிதாகிறது. அப்படி இழுப்பதற்கென்று பூமிலே நிரந்தரமாகக் கோத்து வைத்திருக்கும் கயிறுதான் மடிப்புக் கயிறு. இரண்டு பேர் பெரும்பாயை அடக்கும் இரகசியத்தில் பெரும்பாகம் இந்தக் கயிற்றில் இருக்கிறது.

இவ்வளவையும் படித்தும் படம் பார்த்தும் தெரிந்துகொண்ட பிறகு, ஒரு மாதிரி செய்து காட்டிவிடலாம் என்று நமக்குத் தைரியம் பிறந்தது. வீட்டு மொட்டை மாடியில் இரண்டு மூங்கில்களை நட்டும் கட்டியும் பாய்மரமும் பூமும் செய்தோம். பழைய வேட்டி ஒன்று பாயாயிற்று. வெள்ளி வளையங்களுக்குப் பேர்போன பேட்டையில் வசித்தும், நமது பாய்க்குத் திரைச்சீலைப் பித்தளை வளையங்களே வாய்த்தன. மடிப்புக் கயிற்றைப் பின்வளையத்திலிருந்து நேரே கீழே இறக்கி, பூமில் ஒரு கப்பி வழியாக முன்பக்கம் கொண்டுவந்தோம். ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை, காற்று பலமாக எழுந்தது. மாணவ மாணவியர் பத்துப் பேர் சூழ்ந்து நிற்க, கயிற்றை இழுத்தோம்.

வளையம் கீழே வந்தது. ஆனால் பாயின் அடிப்பாகம் இறுகவில்லை. சட்டிபோல் தொப்பை விட்டுக்கொண்டு காற்றை முன்னைவிட அதிகமாகப் பிடித்தது. அவசர அவசரமாக, மடிந்த துணியை நடுவே சிறு நாடாக்களால் பூமோடு இறுக்கிக் கட்டினோம். அடுத்த வீச்சில் அந்த நாடாக்கள் இருந்த இடத்தில் வேட்டி குறுக்காகக் கிழிந்தது. குழந்தைகள் கைதட்டினார்கள். கேள்வி கேட்ட பெண் மட்டும் கைதட்டவில்லை. கிழிந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தகப்பனார் நம் வீட்டுக்கு வந்தார். லீ பஜாரில் லாரிகளுக்குப் பாரம் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டுவது அவர் தொழில். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“ஏங்க சார், பாப்பா நேவியில சேரப் போறேன்னு ரெண்டு நாளா சரியாச் சாப்பிடாம அடம் புடிக்குது. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே? கடலுக்குப் போனா திரும்பி வரும்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?”

எழுதிக் கொடுக்க நம்மால் முடியாது. அதை ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொண்டதோடு, மறைக்கக் கூடாத ஒரு கதையையும் அவருக்குச் சொன்னோம்.

உலகத்தைத் தனியொருவராக, எங்கும் நிற்காமல் பாய்ப்படகில் முதன்முதலில் சுற்றியவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். 1968 ஜூன் மாதம் புறப்பட்டு 1969 ஏப்ரலில் திரும்பினார், 312 நாட்கள். அவர் சென்ற ‘சுஹைலி’ என்ற படகு நமது பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. அந்தப் பிரயாணத்தின் ஐம்பதாவது ஆண்டு நினைவாக 2018-இல் நடந்த பந்தயத்தில், நமது கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, சுஹைலியின் மாதிரியில் கோவாவில் கட்டிய ‘துரியா’ என்ற படகில் கலந்துகொண்டார். அவர் புதியவர் அல்லர். 2012 நவம்பரில் புறப்பட்டு 2013-இல் திரும்பி, தனியாக நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் இந்தியர் என்று பெயர் பெற்றவர். அப்பேர்ப்பட்டவரின் படகையும் 2018 செப்டம்பர் 21-ஆம் தேதி தெற்கு இந்து மகாசமுத்திரத்தில் ஒரு புயல் புரட்டியது. பாய்மரம் முறிந்தது. அவருக்கு முதுகெலும்பில் பலத்த அடி. எழுந்திருக்க முடியாமல் படகுக்குள் கிடந்தவரை, மூன்று நாட்களுக்குப் பிறகு பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து மீட்டது.

“அப்புறம்?” என்றார் தகப்பனார்.

அப்புறம், 2022-இல் அதே பந்தயத்தில் அவர் மறுபடியும் கலந்துகொண்டார். 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். முதலாவதாக வந்தவர், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிர்ஸ்டன் நாய்ஷேபர் என்ற பெண்மணி.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, “பாப்பா சொன்ன அந்தப் பாய் எங்க சார் இருக்குது?” என்று கேட்டார். மாடிக்கு அழைத்துச் சென்றோம். கிழிந்த வேட்டியைப் பார்த்தார், பூமைப் பார்த்தார், கயிற்றைக் கையில் பிடித்து ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

“கயிறு தப்புங்க சார். இது கீழ மட்டும் இழுக்குது. பின்னாலயும் இழுக்கணும். தார்ப்பாயை நேரா கீழ கட்டினா நடுவுல காத்து பூந்து தூக்கிரும். மூலைக் கயிறு கீழயும் இழுக்கணும், வெளியயும் இழுக்கணும். அப்பத்தான் துணி விறைப்பா நிக்கும். இந்தச் சின்ன நாடா சும்மா துணி தொங்காம இருக்கத்தான். பாரத்தை இதுமேல விட்டா கிழியாம என்ன பண்ணும்?”

நேயர்களே, பாய்ப்படகுக் கலையில் தேர்ந்தவர்கள் மடிப்புக் கயிற்றைப் பற்றிச் சொல்வதும் இதுவேதான். கயிற்றின் ஒரு நுனியைப் பூமைச் சுற்றி, பின்வளையம் வந்து உட்காரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் முடிச்சிட வேண்டும். அங்கிருந்து மேலே போய் வளையத்துக்குள் நுழைந்து, மறுபுறம் இறங்கி, பூமின் பின்பக்கத்தில் இன்னும் சற்றுத் தள்ளியுள்ள கப்பிக்குப் போக வேண்டும். பிறகு பூமின் உள்ளே புகுந்து முன்பக்கமாகப் பாய்மரத்தை அடைந்து, ஆள் நிற்கும் இடத்தில் கயிற்றை இறுக்கும் உருளைக்கு வந்து சேர வேண்டும். இப்படிக் கோத்தால் ஒரே இழுப்பில் வளையம் கீழேயும் வரும், பின்னேயும் போகும். பாயின் புதிய அடிவிளிம்பு தட்டையாக விறைத்து நிற்கும். பாரம் முழுவதையும் முன்வளையமும் பின்வளையமுமே தாங்கும். நடுவிலுள்ள நாடாக்கள், தொங்கும் துணியைச் சேர்த்து வைப்பதற்கு மட்டுமே.

தார்ப்பாய் என்ற சொல்லிலேயே பாய் இருக்கிறதல்லவா? கடலைக் காணாத எங்கள் பேட்டையில் தினந்தோறும் நூறு பாய்கள் விரிந்து மடிவதை நாம் அதுவரை கவனிக்கவில்லை.

இனிப் படகிலே செய்யும் முறையைச் சொல்வோம். பாயை மேலே ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்றும், பாயைக் காற்றுக்குத் தக்கபடி பிடித்து நிறுத்தும் கயிற்றுக்குத் தாமான் என்றும் நமது மாலுமிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் தாமானைத் தளர்த்தினால் பாயிலிருந்து காற்று வழிந்துவிடும். பின்பு ஆஞ்சானை, முன்கூட்டியே அடையாளம் செய்து வைத்த அளவுக்கு இறக்க வேண்டும். முன்வளையத்தைப் பாய்மரத்தடியிலுள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். ஆஞ்சானை மறுபடி இறுக்க வேண்டும். அதன் பிறகே மடிப்புக் கயிற்றை உருளையில் சுற்றி, பின்வளையம் பூமைத் தொடும்வரை இழுக்க வேண்டும். கடைசியில் தாமானைப் பிடித்தால் படகு மீண்டும் ஓடத் தொடங்கும். பழகியவர்களுக்கு இது சில நிமிஷ வேலை. மடிப்பை அவிழ்க்கும்போதோ, நாடாக்களை முதலில் அவிழ்க்க வேண்டும். மறந்துபோய் ஆஞ்சானை ஏற்றினால் நமது வேட்டிக்கு நேர்ந்த கதிதான்.

இவ்வளவும் ஒழுங்காக நடப்பதற்குக் கயிறுகள் துறைமுகத்திலேயே, காற்றில்லாத வேளையில், சரியாகக் கோக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றாம் மடிப்பின் வளையம் மிக உயரத்தில் இருக்கிறது. அதன் கயிறு அவ்வளவு உயரம் ஏறி, அவ்வளவு உயரம் இறங்கி, பூமின் நீளமும் கடந்து வர வேண்டும். நீளத்தை அளக்காமல் வெட்டியவன் பாயை முழுதும் ஏற்றவே முடியாது. மூன்று கயிறுகளுக்கும் மூன்று நிறம் இருந்தால், இருட்டில் விளக்கொளியில் ஒன்றை இழுக்கப்போய் மற்றொன்றை இழுக்கும் ஆபத்து இல்லை. வளையத்தில் உராய்ந்து தேயும் இடத்தை அடிக்கடி பார்த்து, கயிற்றைச் சற்று நகர்த்திக் கட்ட வேண்டும். பெருங்கடலில் மூன்றாம் மடிப்பின் கயிற்றைக் கோக்காமல் புறப்பட்டவன், புயலில் ஆடும் பூமின் நுனிக்குத் தவழ்ந்து போய்த்தான் அதைக் கோக்க வேண்டியிருக்கும். இரண்டு பேர் எப்படி மடிப்பார்கள் என்ற கேள்விக்கு விடை அதுதான்: புயலுக்கு நெடுநாள் முன்பே, அமைதியான ஒரு பகலில், பாதி வேலையை முடித்து வைத்திருப்பார்கள்.

எப்போது மடிப்பது? அனுபவசாலிகளின் பதில் விசித்திரமானது. ‘மடிக்கலாமா?’ என்ற எண்ணம் தோன்றியவுடனே மடித்துவிட வேண்டும் என்கிறார்கள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று காத்திருந்தால் வேலை பன்மடங்கு கடினமாகிறது. இருட்டுவதற்கு முன்பே, அவசியம் ஏற்படாதபோதே, ஒரு மடிப்பு மடித்து வைப்பவர்களும் உண்டு. இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று கரையில் இருப்பவர்கள் சொல்லலாம். கடலிலே இதற்குப் பெயர் தேர்ச்சி. டோமியின் கதை காட்டுவதுபோல, எல்லா முன்னேற்பாட்டையும் மீறிக் கடல் வெல்லும் நாளும் உண்டு. கயிறு கட்டி வைத்தவனுக்குத் தப்பும் வழி அதிகம் என்று மட்டுமே சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் பொய்யாகும்.

ஆடி பிறந்தது. செவ்வாய்ப்பேட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த ஒரு மாலையில், மொட்டை மாடியில் இரண்டாவது வேட்டி ஏறியது. இம்முறை கயிறுகளைக் கோத்தது அந்தப் பெண். முதல் மடிப்புக்குச் சிவப்பு, இரண்டாவதுக்குப் பச்சை. முடிச்சுகளைத் தகப்பனார் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றை அவிழ்த்து மறுபடி போடச் சொன்னார். ஆடிக் காற்று மாடிச் சுவரைத் தாண்டி வந்து மோதியது. அவள் தாமானைத் தளர்த்தினாள், ஆஞ்சானை இறக்கினாள், கொக்கியில் மாட்டினாள், சிவப்புக் கயிற்றை இழுத்தாள். பாய் பலகைபோல் விறைத்து நின்றது. நாம் எண்ணியதில் முக்கால் நிமிஷம்.

கீழே இறங்கும்போது தகப்பனாரிடம், “என்ன முடிவு செய்தீர்கள்?” என்று மெதுவாகக் கேட்டோம்.

“முடிவு என்னங்க சார், இன்னும் நாலஞ்சு வருஷம் படிப்பு இருக்குது. அப்ப பாத்துக்கலாம். ஆனா ஒண்ணு,” என்று மகள் பக்கம் திரும்பினார். “கடல் கடல்னு பேசுறியே, மொதல்ல நீச்சல் தெரியுமா உனக்கு?”

அவளுக்குத் தெரியாது. வெட்கத்தைவிட்டுச் சொன்னால் நமக்கும் தெரியாது. ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு மூவருமாகக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். ஊருக்கு வெளியே உறவினர் தோட்டத்தில் இருக்கும் அந்தக் கிணற்றில், எங்கள் இருவர் இடுப்பிலும் அவரே கயிறு கட்டிவிடுகிறார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்த பிறகே இறங்கச் சொல்கிறார்.